சான்டா கிளாரா கவுண்டி போர்டு: யாரிடம், எப்போது, எதைக் கேட்பது

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, சன்னிவேல், குபர்டினோ பக்கம் குடிவந்த தமிழர்கள் பலருக்குக் கவுண்டி (மாநிலத்துக்குக் கீழே மாவட்ட அளவில் இயங்கும் அரசு) என்றால் டிசம்பர் 10, ஏப்ரல் 10 தேதிகளுக்குள் சொத்து வரி கட்டும் இடம், அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகள், பொதுச் சுகாதாரத் துறை, சிறை, தேர்தல் நடத்துவது, குழந்தைப் பாதுகாப்பு, குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடி-கால் மருத்துவக் காப்பீடு, கால்ஃபிரெஷ் உணவு உதவி என்று வாழ்க்கையின் இக்கட்டான நேரங்களில் தேவைப்படும் பெரும்பாலானவை இந்தக் கவுண்டியின் கையில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு 1,200 கோடி டாலருக்கும் மேல் போகும் அந்தப் பட்ஜெட்டை ஐந்தே பேர் கொண்ட போர்டு ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறது. அந்த ஐந்து பேரையும் நேரில் பார்க்கலாம், பேசலாம், எழுதலாம். எதை எந்த நாளில் யாரிடம் கேட்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது கவுண்டியின் வேலைதானா?

தவறான வாசலில் போய் நிற்பதில்தான் புதியவர்களின் நேரம் அதிகம் வீணாகிறது. பள்ளிக்கூடப் பிரச்சினையைக் கவுண்டி போர்டிடம் கொண்டுபோவார்கள். பள்ளி மாவட்டங்களுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுகள் உண்டு. கவுண்டி போர்டு அவற்றில் தலையிட முடியாது. பஸ், லைட் ரயில் என்றால் விடிஏ என்ற போக்குவரத்து அமைப்பு. அதன் இயக்குநர் குழுவில் சூப்பர்வைசர்கள் எனப்படும் கவுண்டி போர்டு உறுப்பினர்கள் இரண்டு பேர் இருந்தாலும் அது தனி அமைப்பு. வெள்ளத் தடுப்புக்கும் நீர் வழங்கலுக்கும் வேலி வாட்டர் என்ற தனி அமைப்பு இருக்கிறது. உங்கள் தெருக் குப்பை, பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் மாடி, நகரப் போலீஸ் இதெல்லாம் நகர சபையின் வேலை. கவுண்டிக்குள் 15 நகரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி சபை.

அப்படியானால் கவுண்டிக்கு என்ன மிச்சம்? இரண்டு விதமான பொறுப்புகள். ஒன்று, நீங்கள் எந்த நகரத்தில் இருந்தாலும் கவுண்டி செய்பவை: மேலே சொன்ன மருத்துவமனை, சிறை, சமூக நலம், தேர்தல், சொத்து மதிப்பீடு, பிறப்பு இறப்புப் பதிவு. இன்னொன்று, எந்த நகரத்திலும் சேராத பகுதிகளுக்குக் கவுண்டியே நகர சபை போல நடந்துகொள்வது. தெற்கே சான் மார்ட்டின், கிழக்கு மலையடிவாரம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதி எல்லாம் இந்த வகை. அங்கே கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு, சாலை எல்லாவற்றிலும் கடைசி முடிவு போர்டுக்கு. ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகள் நடத்திய விரிவாக்க விண்ணப்பத்தை 2019 நவம்பரில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டதற்குப் பின்னால் இருந்ததும் இந்த அதிகாரம்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு விதிவிலக்கு எக்ஸ்பிரஸ்வேக்கள். லாரன்ஸ், சான் டோமஸ், மான்டேக், சென்ட்ரல், ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வேக்கள் நகரங்களுக்கு நடுவே ஓடினாலும் அவற்றைப் பராமரிப்பது கவுண்டி. லாரன்ஸில் சிக்னல் நேரம் சரியில்லை என்று சன்னிவேல் நகர சபைக்கு எழுதினால் பதில் வர நாளாகும், வரும் பதிலும் கவுண்டியைக் கேளுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

போர்டின் அமைப்பு

கவுண்டி ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஒரு சூப்பர்வைசர், பதவிக்காலம் நான்கு ஆண்டு, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கவுண்டியில் சுமார் 19.4 லட்சம் பேர். எனவே ஒரு தொகுதிக்கு நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லைகள் மாறும். குடிவந்தபோது இருந்த தொகுதிதான் இன்றும் என்று நினைக்காமல், கவுண்டி இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. 2, 3, 5 தொகுதிகளுக்கு ஜனாதிபதி தேர்தல் ஆண்டுகளிலும், 1, 4 தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டுகளிலும் ஓட்டு நடக்கும். முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் வெற்றி. இல்லையென்றால் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். குடியுரிமை வாங்கிய பெற்றோர் ஆங்கிலத்தில் தடுமாறினால், தமிழில் மொழிபெயர்த்த வாக்குச்சீட்டுப் பிரதியைத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்; பார்த்துப் புரிந்துகொண்டு அசல் சீட்டில் குறிக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிரீன் கார்டு இருந்தாலும் ஓட்டுக்குப் பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வரும் கேள்வியில் கவனமாக இருங்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது, அது மத்தியச் சட்டம். கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம். ஆனால் கூட்டத்தில் பேசுவதற்கும் மனுக் கொடுப்பதற்கும் விசா நிலையை யாரும் கேட்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சட்டம் இயற்றுபவர் வேறு, நிர்வாகம் செய்பவர் வேறு என்று பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு முதலில் குழப்பும். சான் பிரான்சிஸ்கோ நகரமும் கவுண்டியும் ஒன்றாகச் சேர்ந்தது; அங்கே 11 சூப்பர்வைசர்கள், அவர்களுக்கு மேல் வீட்டோ அதிகாரத்தோடு மேயர். கலிஃபோர்னியாவின் மற்ற 57 கவுண்டிகளில் மேயர் போல யாரும் இல்லை. ஐந்து பேர் போர்டுதான் சட்டமும் போடுகிறது, நிர்வாகத்துக்கும் தலைமை தாங்குகிறது. அன்றாட வேலைக்கு கவுண்டி எக்சிக்யூட்டிவ் என்ற அதிகாரியைப் போர்டே நியமிக்கிறது. சட்ட ஆலோசகரான கவுண்டி கவுன்சலையும் அதுவே நியமிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் இப்போது வேறு பாதையில் போகிறது. ஒரு கோடி மக்களுக்கு ஐந்து பேர் போதாது என்று 2024 நவம்பரில் அங்குள்ள வாக்காளர்கள் மெஷர் ஜி என்ற திருத்தத்தை ஏற்றார்கள். அதன்படி எக்சிக்யூட்டிவ் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவார், போர்டு ஒன்பது பேராகும்.

போர்டுக்குக் கீழ்ப்படியாத மூன்று பேரும் இருக்கிறார்கள்: ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர். மூவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். அவர்களுடைய பட்ஜெட்டைப் போர்டு குறைக்கலாம், கூட்டலாம். ஒரு வழக்கை விசாரிக்கச் சொல்லவோ கைவிடச் சொல்லவோ முடியாது. சாதாரணமாக ஷெரிஃபைப் பதவியிலிருந்து நீக்கவும் முடியாது. அந்த அதிகாரம் வேண்டுமென்றால் கவுண்டியின் அடிப்படைச் சட்டமான சார்ட்டரையே திருத்த வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் 2022-லும் பக்கத்துச் சான் மடேயோ 2025 மார்ச்சிலும் வாக்காளர்களிடம் போய் அதைத்தான் செய்தன. சான் மடேயோவில் அதே ஆண்டு அக்டோபரில் ஷெரிஃப் நீக்கப்பட்டார். ஆகவே கைது, வழக்கு தொடர்பான குறையைப் போர்டு கூட்டத்தில் சொன்னால் அனுதாபத்தோடு கேட்பார்கள், அதற்கு மேல் எதுவும் நடக்காது.

மூன்று ஓட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: எதுவும் நிறைவேற மூன்று ஓட்டு வேண்டும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தாலும் மூன்று. கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, மூன்றுதான் என்பதால் மூன்றே பேர் வந்திருக்கும் நாளில் கூட்டம் நடக்கும், ஆனால் மூவரும் ஒத்துப்போனால்தான் தீர்மானம் தேறும். இருவர் ஆதரித்து ஒருவர் எதிர்த்தால் அது தோல்வி. உங்கள் விஷயம் வரும் நாளில் ஒரு சூப்பர்வைசர் ஊரில் இல்லை என்று தெரிந்தால், அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளச் சொல்லி முன்கூட்டியே கேட்பது நல்லது.

சிலவற்றுக்கு நான்கு ஓட்டு வேண்டும். உடனே அமலாகும் அவசரச் சட்டமும் ஆண்டின் நடுவில் பட்ஜெட்டில் புதிய பணத்தைச் சேர்ப்பதும் அப்படிப்பட்டவை. நிகழ்ச்சி நிரலில் அந்த உருப்படிக்குப் பக்கத்திலேயே 4/5 ஓட்டு என்று குறித்திருப்பார்கள். உங்கள் கோரிக்கைக்குப் பணம் தேவை, ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்றால் நீங்கள் சம்மதிக்க வைக்க வேண்டியது மூன்று பேரை அல்ல, நான்கு பேரை.

இங்கேதான் பிரவுன் ஆக்ட் வருகிறது. 1953-ல் கலிஃபோர்னியா கொண்டுவந்த இந்தச் சட்டம், போர்டின் பெரும்பான்மை உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைக் கலந்து பேசக் கூடாது என்கிறது. ஐந்து பேர் போர்டில் பெரும்பான்மை என்றால் மூன்று. ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் மட்டுமல்ல, ஒருவர் மற்றவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாகப் போனாலும் விதிமீறல்தான். நடுவில் தூது போகிறவர் பொதுமக்களில் ஒருவராக இருந்தாலும் அப்படியே.

நீங்கள் ஐந்து சூப்பர்வைசர்களையும் தனித்தனியாகச் சந்தித்து உங்கள் கோரிக்கையைச் சொல்லலாம், அதில் தவறே இல்லை. ஆனால் ஒருவர் சொன்ன பதிலை அடுத்தவரிடம் கொண்டுபோகக் கூடாது. "அவர் ஓட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டார், நீங்களும் போட்டால் போதும்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள். அனுபவமுள்ள உதவியாளர் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவார். ஐந்து பேரையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினால், "எல்லாருக்கும் பதில்" என்ற பொத்தானை அவர்கள் அழுத்திவிட்டால் சிக்கல். தனித்தனியாக அனுப்புங்கள், அல்லது போர்டின் ஆவணங்களையும் கடிதங்களையும் கவனிக்கும் அதிகாரியான போர்டு கிளார்க்கின் முகவரிக்கு அனுப்புங்கள். கிளார்க் எல்லாருக்கும் சேர்ப்பார்.

நிகழ்ச்சி நிரலைப் படிப்பது

போர்டு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில், சான் ஹோசேயில் 70 வெஸ்ட் ஹெடிங் தெருவில் உள்ள கவுண்டி கட்டடத்தில் கூடும். எல்லாச் செவ்வாயும் அல்ல, காலண்டரைப் பாருங்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும். செவ்வாய் காலைக் கூட்டம் என்றால் கடைசிக் கெடு சனிக்கிழமை காலை. சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். நிரலில் இல்லாத விஷயத்தில் போர்டு முடிவெடுக்க முடியாது. நீங்கள் எழுந்து எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அன்றைக்கு ஓட்டு நடக்காது என்பதற்குக் காரணம் இதுதான், அலட்சியம் அல்ல.

நிரல் பல சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இணைப்போடு வரும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு உருப்படியிலும் முதல் வாக்கியம் எதைப் பற்றி என்று பொதுவாகச் சொல்லும். அதற்குக் கீழே "பாசிபிள் ஆக்‌ஷன்" என்று தொடங்கும் அ, ஆ, இ வரிகளில்தான் உண்மையில் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது இருக்கும். "அறிக்கையைப் பெறுதல்" என்று மட்டும் இருந்தால் அன்றைக்கு எதுவும் மாறாது. "ஒப்புதல்", "அதிகாரம் ஒப்படைத்தல்" என்று இருந்தால் நின்று படியுங்கள். அதிகாரம் ஒப்படைத்தல் என்பது, இத்தனை டாலர் வரை, இந்தத் தேதி வரை, ஒப்பந்தத்தைப் பேசிக் கையெழுத்திடும் உரிமையை எக்சிக்யூட்டிவுக்கோ துறைத் தலைவருக்கோ கொடுப்பது. அதன்பின் அந்த ஒப்பந்தம் போர்டுக்குத் திரும்பி வராமலே போகலாம். பேச வேண்டிய நாள் அதுவே.

இணைக்கப்பட்ட குறிப்பில் மூன்று தலைப்புகளைத் தேடுங்கள். நிதி விளைவு என்ற பகுதி பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும். மாநில, மத்தியப் பணம் என்றால் போர்டுக்கு அதை வேறு வேலைக்குத் திருப்பும் சுதந்திரம் பெரும்பாலும் இருக்காது. எதிர்மறை முடிவின் விளைவு என்ற பகுதி, போர்டு மறுத்தால் என்ன ஆகும் என்று அதிகாரிகளே எழுதியிருப்பது. எதிர்த்துப் பேசுகிறவர் அந்தப் பத்திக்குப் பதில் சொல்லத் தயாராகப் போக வேண்டும். ஒப்புதலுக்குப் பின் செய்ய வேண்டியவை என்ற பகுதி அடுத்து யார் கையில் போகிறது என்று காட்டும்.

பிறகு கன்சென்ட் காலண்டர். விவாதம் தேவையில்லை என்று கருதப்படும் பத்துக்கணக்கான, சில நாட்களில் அதற்கும் மேலான உருப்படிகளைக் கட்டாகச் சேர்த்து ஒரே ஓட்டில் முடிப்பார்கள். பெயரைப் பார்த்துச் சின்ன விஷயங்கள் என்று நினைக்காதீர்கள். பெரும் தொகை ஒப்பந்தங்களும் இதில் போகும். உங்களுக்கு முக்கியமான ஒன்று அங்கே இருந்தால், உங்கள் தொகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மதியத்துக்குள் போன் செய்து, அந்த எண்ணைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கியபின் வந்தால் கட்டு ஏற்கெனவே நிறைவேறியிருக்கும்.

ஒரு யோசனை சட்டமாவது

புதியவர்கள் செவ்வாய்க் கூட்டத்தையே எல்லாமாக நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் கடைசிக் கட்டம். ஒரு புதிய திட்டம் பொதுவாக இப்படி நகரும். ஒரு சூப்பர்வைசர் அதை ரெஃபரல் என்ற குறிப்பாக எழுதிப் போர்டில் வைப்பார். மூன்று ஓட்டு கிடைத்தால், ஆராய்ந்து இத்தனை நாளில் திரும்பி வாருங்கள் என்று நிர்வாகத்துக்கு உத்தரவாகும். அறிக்கை பல சமயம் முதலில் ஒரு குழுவுக்குப் போகும். நிதி, சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, குழந்தைகளும் முதியோரும், வீட்டு வசதியும் நிலப் பயன்பாடும் என்று தனித்தனிக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சூப்பர்வைசர்கள். கூட்டத்துக்கு வரும் மக்கள் குறைவு, நேரம் அதிகம், அதிகாரிகளிடம் கேள்வி கேட்டு மாற்றச் சொல்லும் இடமும் இதுவே. எங்கள் பார்வையில், முழுப் போர்டின் முன் பேசும் ஒரு நிமிடத்தைவிடக் குழுவின் முன் பேசும் ஒரு நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். வரைவு இன்னும் ஈரம் காயாமல் இருப்பது அங்கேதான்.

சட்டமாக வேண்டியதென்றால் முதல் கூட்டத்தில் அறிமுகமாகும். குறைந்தது ஐந்து நாள் கழித்து நடக்கும் வழக்கமான கூட்டத்தில் நிறைவேறும். அதிலிருந்து 30 நாள் கழித்து அமலுக்கு வரும். அறிமுகத்தன்றே போய் எதிர்ப்பைச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வரும்போது அது பெரும்பாலும் கன்சென்ட் கட்டுக்குள் போயிருக்கும்.

சூப்பர்வைசரைச் சந்திக்க நேரம் கேட்டால் பெரும்பாலும் முதலில் கொள்கை உதவியாளர்தான் கிடைப்பார். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெஃபரலை எழுதுவதும் கேள்விகளைத் தயாரிப்பதும் அவரே. இருபது நிமிடச் சந்திப்புக்கு ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போங்கள்: என்ன பிரச்சினை, எத்தனை பேருக்கு, கவுண்டியின் எந்தத் துறை, போர்டு என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். தனி சூப்பர்வைசர் ஒரு துறை ஊழியரைக் கூப்பிட்டு இதைச் செய் என்று உத்தரவிட முடியாது. போர்டாகக் கூடி எக்சிக்யூட்டிவ் வழியாகத்தான் சொல்ல முடியும். எனவே "அந்த அதிகாரியிடம் சொல்லி முடித்துக் கொடுங்கள்" என்ற நம் ஊர்க் கோரிக்கை இங்கே செல்லாது. "இது ஏன் தாமதமாகிறது என்று நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்று கேட்டால் அவர்களால் செய்ய முடியும்.

உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ கவுண்டியில் ஒப்பந்தமோ அனுமதியோ நிலுவையில் இருந்தால், அந்தச் சமயத்திலும் முடிவு வந்த பின் 12 மாதத்துக்கும் ஒரு சூப்பர்வைசருக்கு 500 டாலருக்கு மேல் தேர்தல் நன்கொடை தருவது சட்டப்படி தடை. விருந்தில் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்த காசோலைகூட அந்த சூப்பர்வைசரை உங்கள் விஷயத்தில் ஓட்டுப் போட முடியாதவராக ஆக்கிவிடக்கூடும். மூன்று ஓட்டுத் தேவைப்படும் இடத்தில் ஒன்று போனது போலத்தான்.

பேசும் நாள்

கூட்டத்துக்கு வர, பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பேச வேண்டுமென்றால் உங்கள் உருப்படி எண்ணைக் குறித்துக் கோரிக்கைச் சீட்டுக் கொடுங்கள். நிரலில் இல்லாத விஷயத்துக்குத் தனியாகப் பொதுக் கருத்து நேரம் உண்டு. ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று நினைத்துத் தயாரித்துக்கொண்டு போவார்கள். நூறு பேர் வந்துவிட்டால் தலைவர் அதை ஒரு நிமிடமாக்கிவிடுவார். ஆகவே இரண்டையும் தயாராக வையுங்கள். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 ஆங்கிலச் சொற்கள் வரும்.

முதல் வாக்கியத்திலேயே எண்ணையும் கேட்பதையும் சொல்லிவிடுங்கள். "உருப்படி 14, ஆம் என்று ஓட்டளிக்கக் கேட்கிறேன். நான் சன்னிவேலில் வசிக்கிறேன்." பிறகு உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு தகவல்: எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, எந்தப் படிவம் எத்தனை முறை திரும்பி வந்தது. அது போதும். நன்றி, வணக்கம், இந்த வாய்ப்புக்கு என்று தொடங்கினால் பதினைந்து விநாடி போய்விடும். மணி அடித்தபின் கேட்பதைச் சொல்லத் தொடங்குகிறவர்களின் மைக் அணைந்துவிடும்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத கூட்டத்தில், மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. சீட்டிலேயே அதைக் குறித்துவிடுங்கள். முதியோர் நலம், மெடி-கால் போன்ற உருப்படிகளில் அவர்கள் வாயால் வருவது மற்ற எதையும்விட உறைக்கும்.

எழுத்திலும் கொடுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பும் கடிதம் பொது ஆவணமாகிவிடும். குழந்தையின் நோய் விவரம், விசா எண், வீட்டு முகவரி எதையும் அதில் போடாதீர்கள்.

நில அனுமதி மேல்முறையீடு மட்டும் வேறு வகை. அங்கே போர்டு நீதிபதி போல உட்காருகிறது. பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், விசாரணையில் பேச்சாகவோ எழுத்தாகவோ எழுப்பாத காரணத்தை அங்கே புதிதாகச் சொல்ல முடியாது. எல்லா ஆட்சேபங்களையும் விசாரணைக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வழக்குத் தொடுக்கவும் அதன் நகலைக் கவுண்டியிடம் சேர்க்கவும் சேர்த்தே 90 நாள்தான்.

பட்ஜெட்

நிதி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். பரிந்துரைக்கும் பட்ஜெட்டை எக்சிக்யூட்டிவ் மே தொடக்கத்தில் வெளியிடுவார், மே மாதத்திலேயே போர்டின் பயிலரங்குகள், ஜூனில் விசாரணையும் ஓட்டும். ஆனால் துறைகள் தங்கள் கோரிக்கையை அதற்குப் பல மாதம் முன்பே தயாரித்துவிடும். ஒரு புதிய திட்டத்துக்குப் பணம் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் துறையிடமும் சூப்பர்வைசரிடமும் பேசத் தொடங்க வேண்டும். ஜூனில் வந்து கேட்பவருக்கு, எங்கே வெட்டி இதற்குத் தருவது என்ற ஒரே கேள்விதான் பதிலாக வரும்.

கமிஷன்களில் ஓர் இடம்

இதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவற விடுகிறார்கள். முதியோர், நூலகம், மனநலம், திட்டமிடல் என்று பல துறைகளுக்கு ஆலோசனைக் குழுக்களைப் போர்டு நியமிக்கிறது. 2019-ல் இயற்றிய மாநிலச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய கலிஃபோர்னியவாசி எவரும் குடியுரிமை இல்லாமலே நியமனப் பதவி வகிக்கலாம். படி கொடுக்கும் பதவி என்றால் விசாவின் வேலை நிபந்தனையை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு காலியாகும் இடங்களின் பட்டியலை டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டும். இடையில் திடீரெனக் காலியானால் 20 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்புக்குப் பின் குறைந்தது 10 வேலை நாள் கழித்துத்தான் நியமனம். அந்தப் பத்து நாள்தான் உங்களுக்கான ஜன்னல். விண்ணப்பத்தைக் கிளார்க்கிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், பெயரை முன்மொழிய வேண்டிய சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கிளார்க் அலுவலகத்தில் தவற விடக் கூடாத கெடுக்கள்

வீட்டின் மதிப்பீடு சந்தை விலையைவிடக் கூடுதல் என்று நினைத்தால் மேல்முறையீட்டுக்கு ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை நேரம். வேறு சில கவுண்டிகளில் நவம்பர் 30 வரை உண்டு. அங்கிருக்கும் நண்பர் சொன்ன தேதியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வீடு வாங்கிய புதிதில் வரும் துணை மதிப்பீட்டுக்கு அறிவிப்பிலிருந்து 60 நாள். முடிவு செய்வது மேல்முறையீட்டுப் போர்டு, சூப்பர்வைசர்கள் அல்ல. அவர்களிடம் பேசிப் பயனில்லை. மேல்முறையீடு நடக்கும்போதும் வரியைக் கெடுவுக்குள் கட்டுங்கள், தவறினால் 10 சதவீத அபராதம்.

எக்ஸ்பிரஸ்வே பள்ளத்தில் டயர் வெடித்தது, கவுண்டி வண்டி மோதியது போன்றவற்றுக்கு இழப்பீடு கேட்டு ஆறு மாதத்துக்குள் போர்டு கிளார்க்கிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பள்ளத்தின் படம், பக்கத்துக் குறுக்குத் தெருவின் பெயர், தேதி, நேரம், ரிப்பேர் ரசீது எல்லாம் சேர்த்து. 45 நாளுக்குள் பதில் வர வேண்டும். எழுத்தில் மறுத்தால் அந்தக் கடிதம் தபாலில் போடப்பட்ட அல்லது நேரில் தரப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்த மனுவைக் கொடுக்காமல் நேரே நீதிமன்றம் போனால் வழக்கு நிற்காது.

போர்டு ஓட்டுப் போட்ட பிறகு, "திரும்பி வந்து அறிக்கை தருக" என்று குறித்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு உதவியாளருக்கு எழுதி, எந்தக் கூட்டத்தில் வருகிறது என்று கேளுங்கள். தேதி கடந்தும் வரவில்லை என்றால், பொதுக் கருத்து நேரத்தில் பழைய உருப்படியின் எண்ணையும் அன்றைய தேதியையும் சொல்லிக் கேளுங்கள். பொது ஆவணச் சட்டப்படி தொடர்புடைய ஆவணங்களையும் கேட்கலாம். ஆவணம் இருக்கிறதா, தருவார்களா என்ற முடிவைப் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். கடினமான கோரிக்கை என்றால் 14 நாள் வரை நீட்டிக்கலாம். எந்தத் துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகை ஆவணம் என்று குறுக்கிக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.